மிதிக்காமல் ஓடும் சைக்கிள்: செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ஐந்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை. பிரானூர், புளியரை

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் காலாண்டுத் தேர்வின் அறிவியல் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நியூட்டனின் முதல் விதிக்கு முழு மதிப்பெண். வெளியிலிருந்து விசை செயல்படாத வரை, ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கும், ஓடுகிற பொருள் அதே நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். நான் தட்டிக்கொடுத்தேன். தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஆனா அத்தை, அது பொய்தானே?"

"எது பொய்?"

"ஓடிக்கிட்டே இருக்கும்ங்கிறது. சைக்கிளை மிதிக்காட்டா நின்னுருதுல்லா? பந்தை உருட்டிவிட்டா நின்னுருதுல்லா? எதுதான் நிக்காம போவுது?"

பத்தொன்பது வருடமாக நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. கேட்பதற்கு நான் இடம் கொடுத்ததில்லை என்று அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. விதியைச் சொல்லி, ஓடும் பஸ் நின்றால் முன்னால் சாய்வோம் என்று ஒரு உதாரணம் சொல்லி, அடுத்த பக்கம் போய்விடுவேன். இவள் சொன்னதைத்தான் அரிஸ்டாட்டிலும் சொன்னார். தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்ற எண்ணம் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் படித்தவர்களிடையே செல்வாக்கோடு இருந்தது. அவ்வளவு காலம் மனிதர்களுக்கு இருந்த சந்தேகம் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இருப்பதில் என்ன தப்பு?

அதனால் இந்த விடுமுறையில் அவளையும், ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு மலை தாண்டிப் போகலாம் என்று கிளம்பினேன். தென்மலையில் சித்தி மகள் வீடு இருக்கிறது. மச்சான் அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். போகும்போது பஸ், வரும்போது ரயில்.

காலையில் பிரானூர் பார்டரில் பரோட்டா. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அப்போது எல்லை இங்கேதான். எல்லை மேற்கே போய்விட்டது, ஊர்ப் பேச்சில் பார்டர் இங்கேயே தங்கிவிட்டது. மாஸ்டர் மாவை வீசுவதைச் சின்னவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையளவு உருண்டை இரண்டு வீச்சில் கைக்குட்டைபோல விரிந்துவிடுகிறது. "ஏன் அது விரியுது?" என்று கேட்டான். "பொறு, பஸ்ஸில் சொல்லுதேன்" என்றேன்.

புனலூர் போகும் கேரள பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் இல்லாதது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. புளியரை தாண்டியதும் வரும் எஸ் வளைவைத் தென்காசிப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் பஸ் இடது பக்கம் ஒடிக்கிறது. நின்றவர்கள் எல்லோரும் வலது பக்கம் சரிகிறார்கள். உடனே வலது பக்கம் ஒடிக்கிறது. எல்லோரும் இடது பக்கம்.

"யாரு தள்ளுனா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுதான் தள்ளுது அத்தை" என்றான் சின்னவன்.

"எந்தப் பக்கமா?"

"வெளிப் பக்கமா."

அக்காக்காரி யோசித்தாள். "பஸ்ஸு உள் பக்கமால்லா திரும்புது. அது எப்படி நம்மள வெளிய தள்ளும்?"

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். பஸ் புளியரைச் சோதனைச் சாவடியில் நின்றபோது மெதுவாகச் சொன்னேன். நம்மை வெளியே யாரும் தள்ளவில்லை. நம் உடம்பு அதுவரை போன நேர்கோட்டிலேயே போகப் பார்க்கிறது. பஸ்தான் நமக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. கடைசியில் ஜன்னல் பக்கத்துத் தகரம் நம் தோளில் இடித்து, 'நீயும் என்னோடு வா' என்று உள் பக்கம் தள்ளுகிறது. நமக்குக் கிடைத்த ஒரே தள்ளு அந்த உள் பக்கத் தள்ளுதான். புத்தகத்தில் அதற்குப் பெயர் மையநோக்கு விசை. பரோட்டா மாவின் விளிம்பும் இதே கதைதான். வீசும்போது விளிம்பு நேராகப் போய்விடப் பார்க்கிறது, மாவின் பசை அதைப் பிடித்து வளைக்கிறது. பிடிக்கும் பசைக்குப் பலம் போதாத அளவுக்கு மாவு நீள்கிறது.

"அப்போ பஸ்ஸை யாரு திருப்புதா?" என்று பெரியவள் கேட்டாள். நல்ல கேள்வி. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், ஆனால் ஸ்டியரிங் பஸ்ஸைத் தள்ளுவதில்லை. அது முன் டயரின் திசையைத் திருப்புகிறது, அவ்வளவுதான். பஸ்ஸை உள் பக்கம் தள்ளுவது சாலை, டயருக்கும் தாருக்கும் இடையில் இருக்கும் உராய்வு. சாலையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

சாவடிப் பக்கத்து டீக்கடையில் இறங்கிவிட்டோம். கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று நின்றது. கேபினுக்கு மேல் இன்னொரு லாரி உயரம் வைக்கோல். டிரைவர் அண்ணாச்சிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எஸ் வளைவை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"வைக்கோல் கனமில்ல தாயி, உயரம். சிமெண்டு லோடுன்னா இருபது டன்னு இருந்தாலும் தரையோட ஒட்டிக்கிட்டுத் திரும்பும். இது தலைக்கனம். கொஞ்சம் வேகமா ஒடிச்சா கீழ சக்கரம் திரும்பும், மேல லோடு திரும்பாது."

புவியீர்ப்பு மையம் பற்றி நான் வகுப்பில் பேசியது எதுவும் இந்த இரண்டு வரிக்கு ஈடில்லை. பெரியவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன். வேகம் இரண்டு மடங்கானால் வளைவில் வேண்டிய உள் பக்க விசை நான்கு மடங்காகிவிடும். 20 கிலோமீட்டரில் நிம்மதியாக எடுத்த வளைவை 40-ல் எடுக்கப் பார்த்தால் டயர் நான்கு மடங்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும். மழையில் நனைந்த சாலை அந்தப் பிடியைத் தராது.

"அதான், மழைன்னா ரெண்டாவது கியருதான்" என்றார் அண்ணாச்சி. இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா என்று சின்னவன் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அந்தப் பேச்சே கூடாது ராசா. டீசல் மிச்சம்னு அப்படி விட்டவன் ரெண்டு பேரை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிளாஸை வைத்தார்.

அதற்குக் கணக்கு போட்டுப் பார்த்தோம். 25 டன் லாரி 200 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், வேகமாக மாறக் கூடாது என்றால், வேறு எங்காவது போக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் பிரேக்கில் சூடாகும். அந்தச் சூடு 150 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கியரில் இறக்கினால் இன்ஜினும் சேர்ந்து பிடிக்கிறது; பிரேக் பிழைக்கிறது.

அவளுடைய முதல் சந்தேகத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் விடவில்லை. ராத்திரி தென்மலை வீட்டில் படுக்கும்போது, "நேர்கோட்டுல போகப் பார்க்கும்னு சொன்னீங்க, சரி. ஆனா நிக்காம போகும்னு எப்படி நம்புறது?" என்றாள்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தென்மலை வீடு, பிறகு பாலருவி

காலையில் மச்சான் வீட்டு கேரம் போர்டைத் தூசி தட்டினோம். முதலில் பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரை அடிக்கச் சொன்னேன். பாதி தூரத்தில் நின்றது. பிறகு போரிக் பவுடர் தூவி, முடிந்த வரை அதே அடி. எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்தது.

"ரெண்டு தடவையும் அடிச்சது ஒரே கை. தூரம் ஏன் கூடிச்சு?"

"பவுடர் வழுக்குது."

"பவுடர் ஸ்ட்ரைக்கரைத் தள்ளுச்சா?"

"இல்ல... பிடிச்சு நிறுத்துறதைக் குறைச்சுச்சு."

இப்போது வாசலுக்குக் கூட்டிப்போனேன். அதே ஸ்ட்ரைக்கரை மண்ணில் தள்ளினால் நாலு விரல். சிமெண்டுத் திண்ணையில் ஒரு சாண். பவுடர் போடாத பலகையில் பாதிப் பலகை. பவுடர் போட்ட பலகையில் போய் மோதித் திரும்புகிறது. வழுவழுப்பு கூடக் கூட தூரம் கூடுகிறது. சுத்தமாக உராய்வே இல்லாத ஒரு பலகை, முடிவே இல்லாத நீளத்தில் கிடைத்தால்?

அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் கண் ஒரு இடத்தில் நிலைகுத்தி நின்றது. எனக்கு அது போதும்.

கலிலியோ செய்ததும் ஏறக்குறைய இதுதான். சாய்பலகையில் குண்டை உருட்டினார். எதிரே இன்னொரு சாய்பலகை வைத்தால் குண்டு கிட்டத்தட்ட இறங்கிய உயரத்துக்கே ஏறுகிறது. எதிர்ப் பலகையின் சரிவைக் குறைத்தால் அதே உயரம் ஏற அதிக தூரம் ஓடுகிறது. சரிவே இல்லாமல் தட்டையாக்கிவிட்டால்? உயரத்தை எட்டவே முடியாது, அதனால் நிற்கவும் காரணம் இல்லை. 1638-ல் வந்த அவர் புத்தகத்தில் இந்தச் சிந்தனையெல்லாம் இருக்கிறது. நியூட்டன் அதை விதியாக எழுதி அச்சில் கொண்டுவந்தது 1687-ல். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைப் பார்த்தவற்றின் வரிசையை வைத்துப் பிடித்தார்கள். விதியை மட்டும் கொடுத்து வரிசையை மறைத்துவிட்டால் பிள்ளைக்கு அது பொய்யாகத்தான் தெரியும்.

மதியம் பாலருவி. ஆரியங்காவிலிருந்து உள்ளே போக வனத்துறை வண்டி. குற்றாலம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது வேறு மாதிரி. 91 மீட்டர் உயரம், காட்டின் நடுவில், பெயருக்கு ஏற்றபடி பாலாக இறங்குகிறது. குளித்து முடித்துத் துண்டோடு பாறையில் உட்கார்ந்து கணக்கு போட்டோம். கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் 9.8 மீட்டர் கூடுகிறது. முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழும். இரண்டு விநாடி முடியும்போது 19.6. மூன்று விநாடியில் 44.1. நான்கில் 78.4. ஒரே விசைதான் தொடர்ந்து இழுக்கிறது, அதனால் ஒரே வேகத்தில் விழவில்லை. வேகம் கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கூடுதலுக்குத்தான் முடுக்கம் என்று பெயர். விசை வேகத்தைத் தருவதில்லை, வேகத்தை மாற்றுகிறது என்பதை இங்கேதான் அவள் தானாகவே சொன்னாள்.

உச்சியிலிருந்து தடையில்லாமல் விழுந்தால் அடியில் 4.3 விநாடியில் வந்துவிடும். அப்போது வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். "அப்போ நம்ம மண்டை என்னாகும்?" என்று சின்னவன் தலையைத் தடவினான். நாம் பிழைப்பது பாறையாலும் காற்றாலும். தண்ணீர் பாறையில் பட்டுப் பட்டு உடைகிறது, உடைந்த துளிகளைக் காற்று தாங்குகிறது. மழையும் இப்படித்தான். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் துளி காற்றே இல்லையென்றால் விநாடிக்கு 140 மீட்டர் வேகத்தில் மண்டையில் இறங்கும். காற்று இருப்பதால் பெரிய துளிகூட விநாடிக்கு 9 மீட்டருக்குப் பக்கத்தில் நிலைத்துவிடுகிறது. கீழே இழுக்கும் விசையும் மேலே தடுக்கும் விசையும் சமமாகிவிட்ட பிறகு வேகம் கூடுவதில்லை. ஆனால் துளி நிற்பதும் இல்லை. மொத்த விசை பூஜ்யம், இருந்தும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நோட்டில் இதை இரண்டு கோடு போட்டு எழுதினாள்.

கனமானது சீக்கிரம் விழும் என்று சின்னவன் அடம்பிடித்தான். அவன் நோட்டையும் ஒரு காட்டு இலையையும் தனித்தனியாக விட்டான். இலை ஆடி அசைந்து வந்தது. "பாத்தீங்களா?" என்றான். இலையை நோட்டின் மேல் வைத்து, நோட்டைத் தட்டையாகப் பிடித்து விடச் சொன்னேன். இரண்டும் ஒட்டினாற்போல ஒன்றாகத் தரையில் விழுந்தன. நோட்டு காற்றை விலக்கி வழி விட்டதும் இலைக்கும் அதே வேகம். 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். காற்று இல்லாத இடம். இரண்டும் ஒன்றாக மண்ணைத் தொட்டன. நோட்டு நனைந்துபோகும் வரை சின்னவன் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தான்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை. கழுதுருட்டி

நாள் முழுக்க மழை. மூன்று மணிக்குமேல் கொஞ்சம் விட்டதும் பதிமூன்று கண் பாலம் வரை போய்வந்தோம். ரோட்டை ஒட்டியே நிற்கிறது. இந்த மலைப்பாதையில் 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கல்கட்டு. மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்த பிறகும், இன்றைய ரயில் அந்த வளைவுகளின் மேல்தான் போகிறது.

அக்காவையும் தம்பியையும் எதிரெதிரே நிற்கவைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, காலைப் பின்னால் வைத்து ஒருவர்மேல் ஒருவர் சாயச் சொன்னேன். இரண்டு பேரும் விழவில்லை. ஒருவரை ஒருவர் தள்ளுகிறார்கள், அதனாலேயே நிற்கிறார்கள். நான் அவர்கள் கைகளின்மேல் என் கையை வைத்து அழுத்தினேன். சின்னவனின் கால் ஈர மண்ணில் பின்னால் வழுக்கியது. "அங்கே ஒரு கல்லு வச்சா வழுக்காது அத்தை" என்றான். அதுதான் பாலத்தின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் கனத்த கரைச்சுவர். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தள்ளுகிறது, அதே அளவு தள்ளைத் திரும்ப வாங்குகிறது. ரயில் ஏறினால் கற்கள் இன்னும் இறுகுகின்றன. கல்லுக்கு நசுக்கினால் தாங்கும் குணம் உண்டு, இழுத்தால் பிளந்துவிடும். வளைவு அதற்கு இழுவையே வராமல் பார்த்துக்கொள்கிறது.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. கட்டஞ்சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. புனலூர்

நேற்று பார்த்தது தள்ளியே நிற்கும் பாலம். இன்று இழுத்தே நிற்கும் பாலம். கல்லடை ஆற்றின்மேல் 1877-ல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டிய தூக்குப் பாலம். இப்போது வண்டி போவதில்லை, நடந்து போகலாம். பலகைமேல் நின்றால் கீழே ஆறு கலங்கி ஓடுகிறது. இரண்டு பக்கமும் தூண்கள், தூணுக்குத் தூண் தொங்கும் சங்கிலி, சங்கிலியிலிருந்து இறங்கும் கம்பிகளில் பலகைத் தளம்.

பெரியவள் கேட்டாள்: "சங்கிலி ஏன் தொங்கிக்கிட்டு இருக்கு? இழுத்து நேராக் கட்டியிருந்தா இன்னும் பலமா இருக்கும்லா?"

இதற்குப் பதில் சித்தி மகள் வீட்டுக் கொல்லையில் இருந்தது. சாயங்காலம் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நடுவில் ஒரு வாளியில் அரைவாசி தண்ணீர் தொங்கவிட்டேன். "இப்போ ரெண்டு பேரும் இழுத்துக் கயித்தை நேராக்குங்க, பார்ப்போம்."

இழுத்தார்கள். பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். மச்சானும் ஒரு பக்கம் சேர்ந்தார். அவர் தோட்டத்தில் மரம் கட்டி இழுக்கிற ஆள். வாளி கொஞ்சம் எழும்பியது, கயிறு நேராகவில்லை. எவ்வளவு பலசாலி வந்தாலும் ஆகாது. வாளியின் எடை கீழ்நோக்கி இருக்கிறது. அதைத் தாங்க மேல்நோக்கி ஒரு விசை வேண்டும். நேராகக் கிடக்கும் கயிறு பக்கவாட்டில் மட்டும்தான் இழுக்கும், மேலே தூக்காது. கயிறு கொஞ்சம் தொய்ந்து சாய்ந்தால்தான் அந்த இழுவையில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்பும். தொய்வு குறையக் குறைய அந்தப் பங்கு குறைகிறது, அதை ஈடுகட்ட இழுவை எகிறுகிறது.

10 மீட்டர் கொடி, நடுவில் ஈரச் சட்டை ஒரு கிலோ, தொய்வு 25 சென்டிமீட்டர் என்றால் கொடியில் இருக்கும் இழுவை 10 கிலோ எடைக்குச் சமம். விறைப்பாகக் கட்டிய கொடி ஏன் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று சித்தி மகளுக்கும் அப்போதுதான் புரிந்தது. இனிமேல் கொஞ்சம் தளர்த்திக் கட்டுவதாகச் சொன்னாள். பாலம் கட்டியவர் அந்தத் தொய்வை வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார்.

விசைக்கு அளவு மட்டும் போதாது, திசையும் வேண்டும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கயிற்றைப் பிடித்து இழுத்த கை சிவந்து நிற்கும்போது சொல்வது வேறு.

ஐந்தாம் நாள், புதன்கிழமை. புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு ரயில்

புனலூர் ஸ்டேஷனில் ரயில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. சின்னவன் பிளாட்பாரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "அத்தை, பின்னாடியும் ஒரு இன்ஜின் மாட்டுதாங்க!"

மலை ஏறும் ரயிலுக்குப் பின்னாலிருந்து தள்ள இணைக்கும் இன்ஜின். பேங்கர் என்பார்கள் ரயில்வேக்காரர்கள். ஏன் வேண்டும் என்று நோட்டை எடுத்தோம். ரயிலின் எடை 800 டன் என்று வைத்துக்கொண்டோம். சமதளத்தில் உருண்டு போக அது கேட்கும் விசை மிகக் குறைவு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை ஒரு டன்னுக்கு இரண்டு மூன்று கிலோதான். 800 டன்னுக்கு ஏறக்குறைய 2 டன். ஆனால் 40 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்றால், எடையில் நாற்பதில் ஒரு பங்கு பின்னால் இழுக்கும். அது 20 டன். கண்ணுக்கு ஏற்றமாகவே தெரியாத சரிவில் பத்து மடங்கு சுமை.

"அப்போ ரெண்டையும் முன்னாடியே மாட்டலாமே?" என்றாள் பெரியவள்.

மாட்டினால் மொத்த ரயிலின் இழுவையும் முதல் பெட்டியின் கொக்கியில் வந்து விழும். நேற்றுக் கொடியில் பார்த்தோமே, எல்லா இணைப்புக்கும் ஒரு எல்லை உண்டு. பின்னாலிருந்து ஒன்று தள்ளினால் சுமை பங்கு பிரிகிறது. நடுவில் எங்காவது இணைப்பு விட்டுப்போனாலும் பின்பாதி மலையிறங்கி ஓடாமல் பிடிக்க ஆள் இருக்கும்.

எடமண், ஒற்றக்கல் தாண்டினோம். என் போனில் வேகம் பார்த்துக்கொண்டே வந்தாள், 30-ஐத் தாண்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றாக, சிரட்டை கட்டியபடி, எண்ணிவிடலாம்போல நகர்ந்தன. தென்மலையில் சித்தி மகள் மதியச் சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். கழுதுருட்டியை ஒட்டி, திங்கட்கிழமை கீழே நின்று அண்ணாந்து பார்த்த பாலத்துக் கண்களின் மேலே போனோம். சின்னவன் கால் இரண்டையும் சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டான், பாலத்துக்குக் கனம் குறையட்டும் என்று. அதனால் சீட்டுக்குத்தான் கனம் மாறும் என்று அக்கா அவனுக்குச் சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை.

ஏற்றத்தில் ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. வழுவழுப்பான இரும்பு, மேலே மழை ஈரம். சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றிவிடக் கூடாது. அதற்காக இன்ஜினிலேயே மணல் பெட்டி உண்டு, தேவைப்படும்போது சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவும். பெரியவள் உடனே கேரம் போர்டைப் பிடித்தாள். "நாம பவுடர் போட்டோம், இவங்க மண்ணு போடுதாங்க." ஆமாம். ஓடிக்கொண்டே இருக்க உராய்வு குறைய வேண்டும். வேகத்தை மாற்ற, ஏற, திரும்ப, நிறுத்த உராய்வு வேண்டும். நடப்பதற்கே வேண்டும். நாம் தரையைப் பின்னால் தள்ளுகிறோம், தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. பாசி பிடித்த படிக்கட்டில் அந்தத் திரும்பத் தள்ளல் கிடைப்பதில்லை, அதனால் விழுகிறோம்.

ஆரியங்காவுக்கு அப்புறம் பெரிய குகை. உள்ளே போனதும் விளக்கு மட்டும். வெளியே எதுவும் தெரியவில்லை. சோற்றுப் பையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பெரியவளிடம் கொடுத்து, மேலே நேராகப் போட்டுப் பிடிக்கச் சொன்னேன். போட்டாள். கையிலேயே வந்து விழுந்தது.

"பழம் காத்துல இருந்தப்ப ரயில் முன்னாடி போச்சுல்லா?"

"போச்சு."

"பழத்தை அப்போ யாரு முன்னாடி தள்ளுனா?"

மறுபடி போட்டாள். மறுபடி. பழம் காற்றில் இருக்கும் அரை விநாடிக்கு மேலான நேரத்தில் ரயில் நான்கைந்து மீட்டர் போய்விடுகிறது. பழம் பின்னால் மூன்றாவது சீட்டில் விழ வேண்டும். விழவில்லை. கையை விட்ட பிறகு அதை முன்னால் தள்ள ஒன்றுமே இல்லை, இருந்தும் ரயிலோடு ரயிலாக முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. எதிர் சீட்டில் இருந்த பாட்டி, கொல்லத்திலிருந்து தென்காசிக்குப் போகிறவர், "பழத்தைத் தூரப் போட்டுறாத மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகவதிபுரம் வந்ததும் இந்தப் பக்கத்து வெயில். இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி மெதுவாக இறங்கினோம். பிரேக் வாடை ஜன்னலில் வந்தது; அண்ணாச்சி சொன்ன கணக்குத்தான் இது என்று சின்னவன் கண்டுபிடித்தான். சமதளத்தில் 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ரயிலில் இன்ஜின் இழுப்பதை நிறுத்திவிட்டால், பிரேக் தொடாத வரை அது பல கிலோமீட்டர் தானாக ஓடும் என்று சொன்னேன். சைக்கிள் நூறு மீட்டர் ஓடினால் அதிகம். இரண்டையும் நிறுத்துவது ஒன்றேதான், அளவு மட்டும் வேறு.

பெரியவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையோ எழுதி அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'சைக்கிள் தானா நிக்கல. ரோடும் காத்தும் சேர்ந்து நிறுத்துது. யாரும் நிறுத்தாட்டா போயிக்கிட்டே இருக்கும்.' அதற்குக் கீழே ஒரு கேள்வி: 'நிலா எத்தனை வருசமா சுத்துது? அதை யாரு மிதிக்கா?'

செங்கோட்டையில் பேங்கர் இன்ஜினைக் கழற்றும்போது லேசாக ஒரு குலுக்கல். நின்றுகொண்டிருந்த சின்னவன் முன்னால் தள்ளாடிக் கம்பியைப் பிடித்தான். பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்து, "என்னை யாரும் தள்ளல" என்றான்.